ஐம்பத்தெட்டுப் பேர் வாழும் தீவு

நகரத்துப் படகுத்துறையில் நின்று பார்த்தால் அந்தத் தீவு பெரிதாக ஒன்றும் தெரியாது. யாரோ தண்ணீரில் விரித்துப் போட்டுவிட்டு மறந்துபோன பாய் மாதிரி தட்டையாகக் கிடக்கும். நீளம் இரண்டு கிலோமீட்டர், அகலம் அரைக் கிலோமீட்டர்கூட இல்லை. வடக்கு முனையில் பழைய கப்பல்களை உடைத்துவந்த கிடங்கு ஒன்று, இப்போது அதுவே உடைந்துகொண்டிருக்கிறது. தெற்கே சேறும் அலையாத்திப் புதர்களும். நடுவில் ஒரே சாலை, அதன் இருபுறமும் நூற்றுப் பதினெட்டு வீடுகள், ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடும் ஒரு பள்ளிக்கூடம், வாரத்தில் இரண்டு நாள் நர்ஸ் வந்து திறக்கும் ஓர் அறை. குடிதண்ணீர் கடலுக்கு அடியில் குழாயில் வருகிறது. மின்சாரமும் அப்படித்தான். மனிதர்கள் மட்டும் மேலே, படகில்.

கடக்க இருபத்தைந்து நிமிடம் ஆகும். நடுவில் சரக்குக் கப்பல்களின் தடம் குறுக்கிடுகிறது. கப்பல் வந்துவிட்டால் படகு ஒதுங்கி நிற்க வேண்டும், அன்றைக்கு நாற்பது நிமிடம். படகு வந்து ஒட்டும் ஆழம் தீவின் மேற்கு விளிம்பில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அங்கே ஒரு சிமெண்டு மேடை, அதில் இடுப்பளவு உயரத்தில் இரண்டு இரும்புக் குற்றிகள். படகிலிருந்து வீசப்படும் கயிற்றைப் பிடித்துக் குற்றியில் மாட்டுவதும், கிளம்பும்போது கழற்றி எறிவதும் ஒரு பெண்ணின் வேலை. தீவில் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவள் முடிச்சக்கா. அவள் பிள்ளைகளே கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

அவளுக்கு நாற்பத்தேழு வயது. அவளுக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர் கயிற்றுக்கும் குற்றிக்கும் நடுவில் இரண்டு விரல்களைப் பறிகொடுத்தார். அதற்குப் பிறகு யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. முடிச்சக்கா விண்ணப்பம் போட்டபோது போக்குவரத்து அலுவலகத்தில் சிரித்தார்கள், பிறகு வேறு ஆள் கிடைக்காததால் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கொடுத்தார்கள். அன்றுமுதல் ஒரு விதியும் வந்தது: கரையிலிருக்கும் கயிற்று வளையத்தை பணியில் இருக்கும் அந்த ஒருவரைத் தவிர வேறு யாரும் தொடக்கூடாது. கயிறு மாட்டுவதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. நீர் ஏறும்போது இறுக்க வேண்டும், இறங்கும்போது விட்டுக்கொடுக்க வேண்டும், விரலை உள்ளே வைக்கக்கூடாது. இதைப் பதினாறு வருடம் ஒரு தவறும் இல்லாமல் செய்ததைச் சாதனை என்று சொல்லலாமா? கொஞ்சம் யோசித்த பிறகு, சொல்லலாம் என்றே தோன்றுகிறது.

'கரையிலிருக்கும் கயிறு' என்று அந்த விதியை எழுதியவர் நகரத்துக்காரர் என்பது அந்த ஒரு சொல்லிலேயே தெரிந்துவிடும். தீவுக்காரர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அவர்களுக்குக் கரை என்றால் நகரம். தங்கள் தீவின் விளிம்பை அவர்கள் 'ஓரம்' என்பார்கள். கரைக்குப் போகிறேன் என்றால் நகரத்துக்குப் படகு ஏறுகிறேன் என்று பொருள். கரையில் இருக்கிறார் என்றால் வேலைக்குப் போயிருக்கிறார், சாயங்காலம் வருவார். நூறு வருடமாகத் தண்ணீருக்கு நடுவில் இருந்து எதிர்ப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு வேறெது கரையாக இருக்க முடியும்?

முடிச்சக்கா நகரத்தில் பிறந்தவள். கல்யாணமாகி வந்த முதல் மாதம், துணியைக் கரையில் காயப் போட்டிருப்பதாக மாமியாரிடம் சொன்னாள். நாத்தனார் அப்போது பன்னிரண்டு வயதுப் பெண். விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அம்மா, அண்ணி துணி காயப்போட படகு புடிச்சுக் கரைக்குப் போயிட்டு வந்திருக்காங்க! சோப்பு வாங்க எங்க போவாங்களோ!"

ஒரு வருடத்துக்கு அவள் பெயர் 'கரைக்காரி'. அந்தச் சொல்லை அவள் எந்த நாளில் மாற்றிக்கொண்டாள் என்று அவளுக்கே நினைவில்லை. ஒரு சொல் உள்ளே புரண்டு படுப்பது யாருக்கும் தெரிவதில்லை.

அந்த நாத்தனாருக்கு இப்போது முப்பத்தாறு வயது. பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருந்தாள். மூன்று வருடங்களுக்கு முன் இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. திங்கள், புதன், வெள்ளி நகரத்து அரசு மருத்துவமனையில் டயாலிசிஸ். அவளுடைய நாற்காலி நான்காம் எண், நேரம் காலை ஆறரை. பத்து நிமிடம் தாமதித்தால் பொறுத்துக்கொள்வார்கள். ஏழு மணியைத் தாண்டினால் நாற்காலி காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும். இரண்டு முறை தவறவிட்டால் நேரமே போய்விடும், புதிதாக வரிசையில் சேர வேண்டும். அந்த வரிசையில் இப்போது எழுபது பேருக்கு மேல் இருக்கிறார்கள். ஐந்தரை மணி முதல் படகு என்பது அவளுக்கு ஒரு வசதி இல்லை. அவள் ரத்தம் அந்தப் படகில்தான் ஓடுகிறது.

அவளோடு அந்தப் படகில் மருத்துவமனையைக் கூட்டுகிறவர்கள், சந்தையில் மூட்டை தூக்குகிறவர்கள், அடுக்குமாடிகளுக்குக் காவல் நிற்பவர்கள், ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பிள்ளைகள் எல்லாரும் போகிறார்கள். நகரம் கண் விழிக்கும்போது அதைத் துடைத்து வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் அந்தப் படகில் வந்தவர்கள்.

கணக்கெடுக்க வந்தவன் ஒரு செவ்வாய்க்கிழமை பத்தேமுக்கால் படகில் இறங்கினான். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். கழுத்தில் அடையாள அட்டை, கையில் தட்டைக் கணினி. வெயில் சிமெண்டிலிருந்து எழும்பி முகத்தில் அடித்தது. சாலையை ஒரு முறை பார்த்தான், பன்னிரண்டரைப் படகில் திரும்ப வேண்டும் என்றான். முடிச்சக்காவுக்கு இரக்கமாகப் போய்விட்டது. நிழலில் தன் முக்காலியை இழுத்துப் போட்டாள், தண்ணீர் கொடுத்தாள்.

"எதுக்குத் தம்பி வீடு வீடா அலையற? எனக்குத் தெரியாத வீடா? தினம் எல்லாரையும் நான்தான் ஏத்தி இறக்கறேன். கேளு, சொல்றேன்."

"ரொம்ப நல்லதாப் போச்சுக்கா. ஒண்ணாம் நம்பர் வீடு. குடும்பத் தலைவர் இருக்காரா?"

"கரையில இருக்காரு."

"ரெண்டு?"

"அவரும் கரையிலதான்."

"மூணு?"

"அங்க அம்மாதான் எல்லாம். அவங்களும் கரையில."

"நாலு?"

"நாலு இருக்காரு, பாவம். கால்ல அடிபட்டுப் படுத்திருக்காரு."

அவன் சிரித்தான். "என்னக்கா, ஊரே கரையிலதான் இருக்கும்போல?"

"பின்ன? இங்க உக்காந்துக்கிட்டு என்ன பண்றது? கரையை நம்பித்தானே பொழப்பு!"

அந்தக் கருவியில் மூன்று கட்டங்கள் இருந்தன: தீவில் வசிப்பவர், வெளியே வசிப்பவர், தகவல் இல்லை. குடும்பத் தலைவருக்கு 'வெளியே வசிப்பவர்' என்று தொட்டால், மனைவி எத்தனை, பிள்ளை எத்தனை என்ற மற்றக் கேள்விகள் மறைந்துபோகும். அடுத்த வீடு வந்துவிடும். அவனுக்கு வேலை சுலபமாக நடந்தது. தொண்ணூற்றேழாம் வீட்டுக்கு வந்தபோது, "இது யாரு வீடு?" என்றான்.

"அது எங்க வீடு தம்பி."

"உங்க வீட்டுக்காரரு?"

"கரையில இருக்காரு. சலவைக்கூடத்துல வேலை."

தொட்டான். முக்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, எதிரில் நின்று பேசிக்கொண்டிருந்த பெண்ணையும் தீவில் இல்லாதவள் என்று அந்தக் கருவி எழுதிக்கொண்டது. கடைசியில் 'விவரம் அளித்தவர்' என்ற இடத்தில் விரலால் கையெழுத்துப் போடச் சொன்னான். போட்டாள். பன்னிரண்டரைப் படகில் அவன் ஏறியபோது கயிற்றைக் கழற்றிவிட்டுக் கையும் ஆட்டினாள்.

அந்தப் பையன் கெட்டவன் இல்லை. இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் கெட்டவர்கள் என்று யாரும் இந்தக் கதையில் வரவில்லை. அதுதான் எரிச்சலைக் கூட்டுகிறது. அவன் நூற்றுப் பதினெட்டு வீடுகளில் நூற்றொரு வீடு காலி என்று எழுதிக்கொண்டு போனான். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பாடம் ஒப்பிக்கும் சத்தம் அவன் காதில் விழுந்திருக்கும். கொடிகளில் துணி காய்ந்தது. காலி வீட்டில் யார் துணி துவைப்பார்கள் என்று கேட்க அந்தக் கருவியில் கட்டம் இல்லை. கட்டம் இல்லாததை அவன் கண் பார்க்கவில்லை.

நான்கு மாதம் கழித்து டிக்கெட் ஜன்னலில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். புதிய கணக்கெடுப்பின்படி தீவில் நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் ஐம்பத்தெட்டுப் பேர். நூறு பேருக்குக் குறைவான குடியிருப்புகளுக்கு அதிகாலைச் சேவை தேவையில்லை. ஆகவே வரும் முதல் தேதியிலிருந்து ஐந்தரை மணிப் படகு பயணிகளை ஏற்றாது. அந்தப் படகு, கடலில் சூரிய உதயம் பார்க்க விரும்பும் நகரத்துச் சுற்றுலாப் பயணிகளுக்கு ஒதுக்கப்படுகிறது. தீவின் முதல் சேவை இனி எட்டேகால் மணிக்கு.

நாத்தனார் அதை இரண்டு முறை படித்தாள்.

"ஐம்பத்தெட்டாமே அண்ணி. மிச்சப் பேரை நீ கடல்ல தள்ளிட்டியா?"

"எவனோ தூங்கிக்கிட்டே எழுதியிருக்கான். நாளைக்கு லீவு போட்டுட்டுப் போய்க் கேக்கறேன்."

"நாளைக்கு எனக்கும் ஆஸ்பத்திரிதான். சேர்ந்தே போவோம். நான் கையில கட்டோட பக்கத்துல நின்னா கொஞ்சம் பயப்படுவாங்க."

மறுநாள் வெள்ளிக்கிழமை. டயாலிசிஸ் முடிந்து, இடது கையில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி நாத்தனார் வந்தாள். இரண்டு பேரும் போக்குவரத்து அலுவலகத்தில் டோக்கன் வாங்கி ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தார்கள். தண்ணீர் இயந்திரத்தைப் பார்க்காமல் இருக்க நாத்தனார் சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். அவளுக்கு ஒரு நாளைக்கு மூன்று டம்ளர்தான்.

அதிகாரி மரியாதையானவர். உட்காரச் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டார்.

"தப்பான தகவல்னு சொல்றீங்க."

"ஆமா சார். எங்க தீவுல நானூத்தி எழுபது பேருக்கு மேல இருக்கோம். யாரோ தெரியாதவங்க சொன்னதை வச்சு எழுதிட்டாங்க."

அவர் கணினியில் எதையோ தேடித் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். "விவரம் கொடுத்தது இவங்க. இந்தக் கையெழுத்து யாருதுன்னு தெரியுதா?"

விரலால் கோணல்மாணலாகப் போட்ட கையெழுத்து. முடிச்சக்கா திரையருகே குனிந்தாள். திரையில் வீட்டு எண்கள் வரிசையாக ஓடின. ஒவ்வொன்றுக்கும் எதிரே: வெளியே வசிப்பவர், வெளியே வசிப்பவர், வெளியே வசிப்பவர்.

"நான் வசிக்கிறாருன்னு சொல்லலையே" என்றாள் கடைசியில். "இருக்காருன்னுதான் சொன்னேன். எங்க பேச்சுல கரையில இருக்காருன்னா வேலைக்குப் போயிருக்காருன்னு அர்த்தம் சார்."

"எழுத்துல வந்துட்டா பேச்சு செல்லாதும்மா. நீங்க நகரத்துல பொறந்தவங்கன்னு உங்க பணிப் பதிவேட்டுல இருக்கு. கரைன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். அதை நான் மறந்து இருபது வருஷமாச்சு."

அதிகாரி பேனாவை மூடினார். மறு கணக்கெடுப்புக்கு விண்ணப்பிக்கலாம் என்றார். வரிசைப்படி வரும், எட்டு மாதம் ஆகலாம். அதுவரை உத்தரவு உத்தரவுதான்.

நாத்தனார் பஞ்சை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி அழுத்தினாள். "எட்டு மாசத்துல எனக்கு நூறு தடவை வருது சார். எட்டேகால் படகுல வந்தா நூறும் போச்சு."

"உங்க நிலைமை புரியுது. உங்க மாதிரி நோயாளிங்க கரைக்கே குடி வந்துடலாமே? எத்தனை பேர் அப்படிப் பண்றாங்க."

"வந்துட்டா உங்க கணக்கும் சரியாயிடும்" என்றாள் நாத்தனார்.

முடிச்சக்கா நிமிர்ந்தாள். "சார், இப்ப நீங்க சொன்னீங்களே, கரைக்குக் குடி வரலாம்னு. அது எந்தக் கரை?"

அவர் மேசையிலிருந்த கோப்பை எடுத்தார். கோப்பில் ஒரு பக்கத்தைப் புரட்டினார், பிறகு அதையே திருப்பிப் புரட்டினார். அடுத்த டோக்கன் எண்ணை அழைக்கும் மணி அடித்தது.

வெளியே படிக்கட்டில் முடிச்சக்கா தடதடவென்று இறங்கினாள். அவர் புரியாமல் சொல்லியிருந்தால் அவளுக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. புரியாதவருக்கு இன்னொரு முறை சொல்லலாம், படம் வரைந்துகூடக் காட்டலாம். அந்தச் சொல் அவருக்கும் புரிந்தது, அவர் வாயிலேயே சரளமாக வந்தது. புரிந்துகொள்வது ஒரு நல்ல குணம் என்று நாம் எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஒருவர் சொல்வதை முழுவதுமாகப் புரிந்துகொண்டு, அதன் பிறகு கோப்பை மூடுவதற்கு என்ன பெயர் வைப்பது?

படகில் திரும்பும்போது முடிச்சக்கா சொன்னாள்: "என் வாயாலதான் எல்லாம் போச்சு. உன் நாற்காலியை நானே எடுத்துக் குடுத்துட்டேன்."

"ரொம்பத்தான் நெனச்சுக்காத. உன் வாய்க்கு அவ்வளவு பவர் இருந்தா எங்க அண்ணன் எப்பவோ திருந்தியிருப்பாரு."

முடிச்சக்கா சிரித்தாள். ஆனால் அன்று வீட்டில் சாப்பிடவில்லை.

அடுத்த பத்து நாளில் தீவு செய்யக்கூடியதையெல்லாம் செய்தது. எல்லா வீடும் கையெழுத்துப் போட்ட மனு போனது. பதிவாகாத குடியிருப்பாளர்களின் மனுவை ஏற்க இயலாது என்று அது திரும்பி வந்தது. இல்லாதவர்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்பதில் அலுவலகத்துக்கு ஆச்சரியம்கூட ஏற்படவில்லை.

முதல் தேதி திங்கட்கிழமையாக வந்தது. அன்றைக்குத்தான் அந்த உத்தரவின் முழு லட்சணமும் தெரிந்தது. அந்தப் படகு இரவில் நிற்பது தீவில். உதயம் பார்க்க வருகிறவர்கள் காத்திருப்பது நகரத்தில். ஆகவே படகு வழக்கம்போல ஐந்தரைக்குத் தீவிலிருந்து கிளம்பித்தான் ஆக வேண்டும். அதே படகு, அதே நேரம், அதே பாதை, ஒரே ஒரு மாற்றம். உள்ளே ஆள் இருக்கக்கூடாது. தீவுக்காரர்கள் மேடையில் நிற்க, அவர்கள் கண்ணெதிரே எழுபது நாற்காலிகளும் மேல்தளமும் காலியாக நகரத்துக்குப் போக வேண்டும், நகரத்துக்காரர்கள் சூரியனைப் பார்ப்பதற்காக.

ஐந்தேகாலுக்கெல்லாம் மேடை நிறைந்துவிட்டது. கேப்டன் படகின் கதவில் சங்கிலி போட்டு நின்றான். நகரத்துக்காரன், ஆனால் ஏழு வருடமாக இந்தப் படகை ஓட்டுகிறவன். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"எனக்கு உத்தரவு அக்கா. ஒருத்தரையும் ஏத்தக் கூடாது."

"நீ ஏத்த வேணாம்."

"அப்ப கயித்தை விடுங்க. நேரமாச்சு."

"விட மாட்டேன்."

முடிச்சக்கா முன்குற்றியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். கயிற்று வளையம் அவள் காலடியில் இறுகி நின்றது.

"அக்கா, வேலை போயிடும்."

"தெரியும்."

"நானே எறங்கி வந்து அவுத்துக்கட்டுமா?"

"வா. என்னைத் தவிர யாரும் தொடக் கூடாதுன்னு உங்க ஆபீஸ்தான் எழுதியிருக்கு. தொட்டேன்னு நீயே ஒரு ரிப்போர்ட் எழுதிக்கோ. இல்லன்னா அறுத்துட்டுப் போ. அதுக்கு ரெண்டு ரிப்போர்ட்."

கூட்டத்தில் மூட்டை தூக்கும் ஆள் ஒருவர் சங்கிலியைப் பிடித்து இழுக்கப் போனார். முடிச்சக்கா அதட்டினாள். "அண்ணே, கையை எடுங்க. நீங்க ஏறினா கலாட்டான்னு எழுதுவாங்க. யாரும் ஒரு அடி எடுத்து வைக்காதீங்க. நிக்கறதுதான் இன்னிக்கு வேலை."

நின்றார்கள். நாத்தனார் முன்வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன. சனியும் ஞாயிறும் கடந்து வரும் திங்கள்தான் அவளுக்கு மோசமான நாள். மூச்சு மேலாக வந்தது. முடிச்சக்கா அவளைப் பார்ப்பதும் கடலைப் பார்ப்பதுமாக இருந்தாள். இப்படி உட்கார்ந்திருப்பதால் இவளுக்கே நேரம் போகிறது என்பது அவளுக்குத் தெரியும். கயிற்றை விட்டால் இனி எல்லா நாளும் போகும் என்பதும் தெரியும். இந்தக் கணக்கை அலுவலகத்தில் யாரும் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அவள் ஒரு இரும்புத் துண்டின் மேல் உட்கார்ந்து போட்டாள்.

ஐந்து ஐம்பதுக்குக் கேப்டனின் போன் அடித்தது. நகரத்துக் கட்டுப்பாட்டு அறை. அவன் சத்தமாகப் பேசுகிறவன், எதிர்முனையும் அப்படியே. மேடை முழுவதும் கேட்டது.

"ஏன்யா இன்னும் கெளம்பல? இங்க பார்ட்டி வந்து நிக்குது."

"கயிறு அவுக்கல சார்."

"ஏன்?"

"ஆளுங்க நிக்கறாங்க சார். போகணும்ங்கறாங்க."

"எத்தனை பேரு? எண்ணிச் சொல்லு, பதிவு பண்ணணும்."

கேப்டன் மேல்தளத்தில் ஏறி விரலை நீட்டி எண்ணினான். இரண்டு முறை எண்ணினான். "நூத்தி நாப்பத்தொண்ணு சார்."

"என்னய்யா உளர்ற? தீவுல மொத்தமே ஐம்பத்தெட்டுப் பேருன்னு இங்க போட்டிருக்கு."

கேப்டன் முதல் முறையாக மேடையைப் பார்த்தான். "அப்ப மிச்சம் எம்பத்து மூணு பேரு பேயா இருக்கும் சார். சோத்துத் தூக்கோட நிக்குது."

"பேய்க்கு அரை டிக்கெட்டா, முழு டிக்கெட்டான்னு கேளு!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். மேடை சிரித்தது. நாத்தனாரும் சிரிக்கப் பார்த்து இருமினாள். அந்த இருமல் நிற்கவில்லை. சிரிப்பு அடங்கிப்போய் எல்லாரும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். போனிலும் கேட்டிருக்க வேண்டும்.

"அது என்ன சத்தம்?"

"டயாலிசிஸ் பேஷன்ட் சார். ஏழு மணிக்குள்ள போகணும்."

எதிர்முனையில் யாரோ யாரிடமோ பேசினார்கள். கிழக்கே வானம் வெளுத்துக்கொண்டிருந்தது. உதயத்தை விற்றவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு, அது காத்திருக்காது. பணம் கட்டிவிட்டுத் துறையில் நிற்கிறவர்கள் கேள்வி கேட்கத் தொடங்கியிருப்பார்கள். கடைசியில் அந்தக் கட்டளை வந்தது:

"இன்னிக்கு மட்டும் ஏத்திட்டு வா."

இருமலுக்காக வந்த கட்டளையா, சூரியனுக்காக வந்ததா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. நல்லதாக எதையும் நினைத்துக்கொள்ள முடிச்சக்கா தயாராக இல்லை. சங்கிலி இறங்கியது. நாத்தனாரை முதலில் ஏற்றினார்கள். கடைசி ஆள் ஏறிய பிறகு முடிச்சக்கா குற்றியிலிருந்து இறங்கி, வளையத்தைத் தூக்கி எறிந்தாள். படகு விலகியது. அவளால் கூடப் போக முடியாது, அடுத்த படகுக்கு அவள் இங்கே இருக்க வேண்டும். மேடையில் தனியாக நின்று சரக்குக் கப்பல் எதுவும் தடத்தில் வருகிறதா என்று பார்த்தாள். வரவில்லை.

ஏழுக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது நாத்தனார் நான்காம் எண் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

செவ்வாய்க்கிழமையும் உத்தரவு அப்படியே இருந்தது. முடிச்சக்கா குற்றியில் உட்கார்ந்தாள். "இன்னிக்கு மட்டும்" என்றது போன். புதன்கிழமை, "இன்னிக்கு மட்டும்." வெள்ளிக்கிழமை போன் வருவதற்கு முன்பே கேப்டன் சங்கிலியை எடுத்துவிட்டான். ஒவ்வொரு நாளும் தாமதத்துக்கான காரணம் என்ற பத்தியில் அவன் தன் கையால் எண்ணிக்கையை எழுதினான்: நூற்று முப்பத்தெட்டு, நூற்று நாற்பத்தாறு, நூற்று நாற்பது. அலுவலகத்தின் ஒரு அலமாரியில் ஐம்பத்தெட்டும் இன்னொரு அலமாரியில் நூற்று நாற்பத்தாறும் ஒன்றை ஒன்று தொந்தரவு செய்யாமல் இருந்தன.

இரண்டாவது வாரம் புதிய அறிவிப்பு வந்தது. மறு உத்தரவு வரும்வரை ஐந்தரை மணிப் படகில் பயணிகளை அனுமதிக்கலாம். காரணம்: பொதுமக்கள் நலன். அதே உறையில் முடிச்சக்காவுக்கு ஒரு வாரத் தற்காலிகப் பணிநீக்கம். அந்த வாரம் நகரத்திலிருந்து வந்து கயிறு பிடித்தவர் மூன்றாவது நாளே முதுகு வலி என்று விடுப்பில் போனார். அதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அந்த மூன்று நாளும் மேடைப் பக்கம் போய் வேடிக்கை பார்த்தாள் என்று நாத்தனார் சொல்கிறாள்.

தீவில் பாதிப் பேர் அவளைக் கொண்டாட வந்தார்கள். யாரோ மாலைகூட வாங்கி வந்தார்கள். அவள் அதை வாங்கி மூலையில் வைத்துவிட்டாள். படகு திரும்ப வந்ததற்கு நன்றிக் கடிதம் எழுதலாம் என்று பள்ளி ஆசிரியர் சொன்னபோதுதான் அவளுக்கு உண்மையாகவே கோபம் வந்தது.

"எதுக்கு நன்றி சார்? என் வீட்டுக்குள்ள நான் இருக்கலாம்னு அனுமதி குடுத்ததுக்கா? அந்த அறிவிப்புல எங்கயாவது 'கணக்கு தப்பு'ன்னு ஒரு வரி இருக்கா? படிச்சுக் காட்டுங்க."

இல்லை. எங்கும் இல்லை. மறு கணக்கெடுப்பு விண்ணப்பம் இன்னும் வரிசையில் இருக்கிறது. நர்ஸ் வரும் இரண்டு நாளை ஒரு நாளாகக் குறைக்கும் கோப்பு அதே எண்ணை வைத்துக்கொண்டு வேறொரு மேசையில் நகர்கிறது. பள்ளிக்கூடத்துக்கும் ஒரு கடிதம் வந்திருக்கிறது. ஒரு தவறான எண்ணை உருவாக்கப் பன்னிரண்டரைப் படகுக்குள் முடிகிறது. அதை அழிக்க யாருக்கும் அதிகாரம் இல்லை.

"படகுதான் வந்துடுச்சே, விடேன் அண்ணி" என்றாள் நாத்தனார், ஒரு புதன்கிழமை திரும்பி வரும் வழியில். "எனக்குக் கெடைக்க வேண்டியது கெடைச்சுடுச்சு."

"உனக்குக் கெடைச்சது சலுகை. நாளைக்கு வேற ஒரு ஆபீசர் வந்து, எதுக்கு இந்தச் சலுகைன்னு கேட்டா?"

"அப்ப மறுபடி குற்றி மேல ஏறி உக்காரு."

"வயசாகுதுடி. குற்றி குத்துது."

மாதத்துக்கு ஒரு முறை, விடுமுறை நாளில், அவள் நகரத்துக்குப் போய் ஒரு கடிதம் கொடுக்கிறாள். இதுவரை ஆறு. ஒவ்வொன்றிலும் விஷயம் ஒன்றுதான்: தொண்ணூற்றேழாம் எண் வீட்டில் ஐந்து பேர் வசிக்கிறோம், நான் அன்று சொன்னது வேறு, எழுதியது வேறு, என் கையெழுத்தை அதிலிருந்து எடுத்துவிடுங்கள். வாங்கிக்கொள்ளும் குமாஸ்தா இப்போதெல்லாம் அவளைப் பார்த்ததும் முத்திரையைத் தேடி எடுத்து வைத்துவிடுகிறார். பெற்றுக்கொண்டதாக முத்திரை குத்தி நகலைத் திருப்பிக் கொடுப்பார், அவ்வளவுதான். ஆறாவது முறை அவர் கொஞ்சம் தயங்கி, "எதுக்கும்மா இவ்வளவு தூரம் அலையறீங்க, தபால்ல போட்டா போதாதா?" என்று கேட்டார்.

"அனுப்பினவங்க அங்க குடியில்லன்னு திருப்பி அனுப்பிட்டீங்கன்னா?" என்றாள் முடிச்சக்கா.

அவர் சிரிக்கவில்லை. அதிகாரி இன்று இருக்கிறாரா என்று அவள் கேட்டாள். இருக்கிறார், ஆனால் நேரமாகும் என்றார் குமாஸ்தா. பரவாயில்லை என்று டோக்கன் வாங்கிக்கொண்டு, பையை மடியில் வைத்து உட்கார்ந்தாள்.